கண் திறவாத ஓவியக் கல்வி

நம் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவரிடம் வெள்ளைத்தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து, ‘இயற்கைக் காட்சி ஒன்றை வரைக’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் பென்சிலைக் கையில் எடுக்குமுன்பே என்ன வரப்போகிறது என்பதை நாம் சொல்லிவிடலாம். இரண்டு முக்கோண மலைகள். அவற்றின் இடுக்கிலிருந்து பாதி முகம் காட்டும் கதிரவன். சீப்பின் பற்களைப்போல் அதனின்று நீளும் கதிர்கள். மலையடியிலிருந்து நெளிந்து வரும் ஓர் ஆறு. கரையிலே ஓலைக் குடிசை. குடிசைக்குக் காவலாக இடுப்பொடிந்த ஒரு தென்னை. வானத்திலே புருவம்போல் வளைந்த நான்கு பறவைகள். கெடாவில் வரைந்தாலும் இதே படம். ஜொகூரில் வரைந்தாலும் இதே படம். சிங்கப்பூரில் பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கும் பிள்ளை வரைந்தாலும் அணுவளவும் மாறாத இதே படம். தந்தை தம் பள்ளிப் பருவத்தில் வரைந்ததும் இதுவே. மகன் இன்று வரைவதும் இதுவே.

இந்தப் படத்தை வரைந்த பிள்ளை அந்த மலைகளைக் கண்டதுண்டா? ஓலைக் குடிசையில் ஒரு நாளேனும் உறங்கியதுண்டா? தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளையாயின் அதன் தாத்தா வாழ்ந்தது பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட லயன் வீடு. நகரத்துப் பிள்ளையாயின் அது வாழ்வது அடுக்குமாடி வீடு. வகுப்பறைச் சாளரத்துக்கு வெளியே செம்பனை நிற்கிறது. தாளிலே தென்னை நிற்கிறது. பள்ளி வேலியோரம் செம்பருத்தி பூத்துக் கிடக்கிறது; தாளிலே பூப்பதோ, ஒரு வட்டத்தைச் சுற்றி ஐந்து அரைவட்டங்களை ஒட்டிவைத்த, எந்நாட்டு மண்ணிலும் பூவாத ஒரு பூ.

இதனை ஓவியக் கல்வி என்று அழைக்க என் நா கூசுகிறது. ஒரு படத்தை நெட்டுருச் செய்து தாளின்மேல் ஒப்பிக்கும் பயிற்சி இது. வாய்பாட்டை ஒப்பிப்பதிலாவது பயனுண்டு. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது எவர் வாயிலும் ஐம்பத்தாறாகவே இருக்கும். ஒரு மரம் அப்படிப்பட்டதா? ஒரே நிரையில் நட்ட இரண்டு பால்மரங்கள்கூட ஒன்றைப்போல் ஒன்று வளைவதில்லை. உலகம் இத்துணை வேறுபாடுகளைக் கண்முன் கொண்டுவந்து கொட்டும்போது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே தென்னையை வரைகிறார்களென்றால், அவர்கள் ஒருவரும் எதையும் பார்க்கவில்லை என்பதே பொருள்.

குற்றம் பிள்ளைகளுடையதன்று. ஆசிரியர் பலகையில் ஒரு படத்தை வரைந்துகாட்டுகிறார். பிள்ளைகள் அதைப் பார்த்து வரைகிறார்கள். ஒத்திருந்தால் பாராட்டு, ஒவ்வாவிடில் ‘அழித்துவிட்டுச் சரியாகப் போடு’ என்னும் கட்டளை. ஆண்டு இறுதியில் ஓவியப் போட்டி வருகிறது. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டிய பெற்றோரின் பிள்ளை, மூன்று மாதமாக ஒரே படத்தைப் பழகி வந்து, போட்டி நாளன்று அதை அப்படியே இறக்கிவைத்துவிட்டுப் பரிசுக் கிண்ணத்தோடு வீடு திரும்புகிறது. இதனினும் கீழானது வண்ணந்தீட்டும் போட்டி. யாரோ ஒருவர் வரைந்து அச்சிட்ட கோடுகளுக்குள்ளே மெழுகு வண்ணத்தை நிரப்புதல்! கோட்டைத் தாண்டாத கைக்கு முதற்பரிசு. சுவருக்குச் சாயம் அடிப்பவர்கூடத் தம் நிறத்தைத் தாமே கலக்கிறார். கோயில் திருவிழாவிலும் சங்கங்களின் ஆண்டுவிழாவிலும் இப்போட்டி இல்லாத நிகழ்ச்சி நிரலைக் காண்பது அரிதாகிவிட்டது. இப்படிச் சொல்வதால் நண்பர்கள் சிலர் முகம் சுளிப்பர். மேடையில் அமர்ந்து பரிசு வழங்கியவர்கள் அவர்கள். சுளிக்கட்டும்.

‘எல்லாருக்கும் ஓவியம் வருமா? அது பிறவியிலேயே அமைய வேண்டும். சிலருக்குக் கை வரும், சிலருக்கு வராது’ என்று ஒரு தீர்ப்பு நம்மிடையே வழங்குகிறது. சோம்பலுக்கு இதைவிட நல்ல போர்வை கிடைக்காது. ஆறு வயதுப் பிள்ளை ஒன்று ‘இ’ என்னும் எழுத்தின் சுழியையும், ‘ஐ’ என்பதன் அடுக்கு வளைவையும், ‘ழ’கரத்தின் கீழ்க்கொக்கியையும் எழுதப் பழகிவிடுகிறது. ‘அவனுக்கு ழகரம் பிறவியில் அமையவில்லை, விட்டுவிடுவோம்’ என்று எந்தத் தமிழாசிரியரும் சொல்லியதில்லை. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை எழுதத் தேர்ந்த கைக்கு, ஒரு காப்பிக் கோப்பையின் வளைவை இழுக்க முடியாதா? முடியும். கையில் குறையில்லை.

ஓவியம் கையின் பழக்கத்தால் வருவது என்னும் கருத்துடைய தனிப்பாடல் ஒன்று ஔவையார் பெயரால் வழங்குகிறது. அதைச் சுவரில் எழுதிவைக்காத ஓவிய வகுப்பு இல்லை எனலாம். பாட்டு பிறவித்திறன் என்னும் மயக்கத்தை உடைக்க வந்தது; நாமோ கையை மட்டும் பிடித்துக்கொண்டு கண்ணை விட்டுவிட்டோம். மதுரைக்காஞ்சி ஓவியர்களுக்கு வேறொரு பெயர் தருகிறது: கண்ணுள் வினைஞர். காண்போர் கண்ணிலே தம் தொழிலை நிற்கச் செய்பவர் என்று நச்சினார்க்கினியர் அதற்கு உரை கண்டார். காண்போர் கண்ணில் நிற்பதற்கு முன்னர் அது வரைவோர் கண்ணில் நின்றிருக்க வேண்டுமன்றோ? ஓவியனுக்குக் கண்ணைக்கொண்டே பெயர் வைத்த இனத்தின் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு வரைகிறார்கள்.

பார்ப்பது எளிது, வரைவதே கடினம் என்று நினைப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடியின் முன் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் தம் தலையின் விளிம்பைப் பலகைப் பேனாவால் அக்கண்ணாடியின் மேலேயே வரைந்து, பின்னர் அதன் உயரத்தை அளந்து பாருங்கள். தலையின் உண்மை உயரத்தில் சரிபாதியே இருக்கும். எத்தனை அடி பின்னால் நின்று வரைந்தாலும் பாதிதான். நாள்தோறும் அதே கண்ணாடியில் தலை வாரிக்கொண்டும் இதை நாம் கண்டதில்லை. கலை வரலாற்றறிஞர் எர்ன்ஸ்ட் கோம்பிரிச், 1960இல் வெளிவந்த ‘கலையும் மாயையும்’ என்னும் தம் நூலில், நீராவி படிந்த குளியலறைக் கண்ணாடியைக்கொண்டு இவ்வுண்மையை விளக்கினார். கண் பாதியளவைக் காட்டுகிறது. மூளை முழுத்தலையை நமக்கு அறிவிக்கிறது. வாழ்க்கைக்கு இது வேண்டியதே. எதிரே வரும் பேருந்து கண்ணுக்குச் சிறிதாகத் தெரிகிறது என்று நம்பிச் சாலையைக் கடந்தால் உயிர் தங்காது. ஆனால் வரைய அமர்ந்தவனுக்கு இந்த உதவியே பகையாகிறது. அவன் கண் கண்டதைக் கை வரைவதில்லை. மூளை அறிந்ததையே கை வரைகிறது.

ஒரு கோப்பையை மேசைமேல் வைத்துத் தொடக்க நிலை மாணவர் பத்துப் பேரை வரையச் சொல்லுங்கள். பெரும்பாலோர் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை நேர்கோடாக இழுத்துவிடுவர். ஏன்? கோப்பை தட்டையான மேசைமேல் ஆடாமல் நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும், தட்டையென்றால் நேர்கோடு. மூளை கணக்கை முடித்துவிட்டது. கண்ணைக் கேட்கவே இல்லை. உண்மையில், நம் கண்மட்டத்துக்குக் கீழேயுள்ள வட்டம் எவ்வளவு கீழே செல்கிறதோ அவ்வளவுக்கு அகன்று தெரியும். ஆகவே கோப்பையின் அடி, வாயைவிடச் சற்றே கூடுதலாக வளைந்திருக்க வேண்டும். கோப்பையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். வாய் ஒரு கோடாகச் சுருங்கும். மெல்ல இறக்குங்கள், கோடு விரிந்து நீள்வட்டமாகும். இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு முறை கண்ட பிள்ளை, பிறகு கோப்பைக்கு நேரான அடியை வரைய மனம் ஒப்பாது. விதியைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை; கோப்பையை உயர்த்தி இறக்கிக் காட்டினால் போதும்.

முகம் வரையும்போதும் இதே கதைதான். கண்களைத் தலையின் உச்சிக்கு அருகே கொண்டுபோய் வைக்காத தொடக்கக்காரர் இலர். நெற்றியிலும் மயிரிலும் கருத்துக்குரியது எதுவும் இல்லையென்று மூளை அவற்றைச் சுருக்கிவிடுகிறது. பேசும் வாயையும் நோக்கும் கண்ணையும் பெருக்கிவிடுகிறது. பென்சிலை நிமிர்த்திப் பிடித்து அளந்தால், கண்கள் ஏறக்குறையத் தலையின் நடுவிலே இருப்பது புலப்படும். அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. கையை முழங்கை மடங்காமல் நீட்ட வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பென்சிலின் நுனியைப் பொருளின் ஒரு முனையோடும், பெருவிரலை மறுமுனையோடும் பொருத்த வேண்டும். அகலம் உயரத்தில் எத்தனை பங்கு என்று அப்போது தெரியும். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு வற்புறுத்திச் சொல்லுங்கள்.

அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கோலைடிஸ் தம் மாணவர்களுக்கு வகுத்த பயிற்சியொன்று, அவர் 1938இல் மறைந்த பின்னர், 1941இல் நூலாக வெளிவந்தது. பொருளின் விளிம்பில் கண்ணை வைக்க வேண்டும்; பென்சில் தாளைத் தொடுகிறது என்று எண்ணாமல் அந்த விளிம்பையே தொடுகிறது என்று எண்ண வேண்டும்; கண் ஊரும் வேகத்திலே கையும் ஊர வேண்டும்; தாளைப் பார்க்கக் கூடாது. விளைவாக வரும் படம் கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆசிரியரும் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கோணல் கோட்டின் ஒவ்வொரு வளைவும் கண் உண்மையாகக் கண்ட வளைவு. ஒரு வெற்றிலையை இப்படிப் பத்து நிமிடம் வரைந்தவன், வெற்றிலைக் காம்பு இலையின் எந்த இடத்தில் சேர்கிறது என்பதை வாழ்நாள் முழுதும் மறவான்.

மற்றொரு வழி, பொருளை விட்டுவிட்டு இடைவெளியை வரைவது. நாற்காலியை வரையச் சொன்னால் ‘நாற்காலிக்கு நான்கு கால்’ என்னும் அறிவு குறுக்கே வந்து நிற்கும். கால்களுக்கு இடையே தெரியும் வெற்றிடங்களை வரையச் சொன்னால், அவற்றுக்குப் பெயரே இல்லாமையால் மூளை வாயடைத்துப்போகும். கண் வேலை செய்யத் தொடங்கும். வெற்றிடங்கள் அனைத்தையும் சரியாக வரைந்து முடித்தபின் பார்த்தால், நாற்காலி தானே எழுந்து நிற்கும். புள்ளிக் கோலம் இடும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு இது புதுமையாகாது. இழைகளுக்கு நடுவே விடும் இடமே கோலத்தைக் கோலமாக்குகிறது.

1979இல் வெளிவந்த நூலொன்றில் பெட்டி எட்வர்ட்ஸ் என்னும் அமெரிக்க ஆசிரியை, பிக்காசோ கோடுகளால் வரைந்த ஸ்ட்ராவின்ஸ்கியின் உருவத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையும் பயிற்சியைத் தந்தார். அவர் அதற்குச் சொன்ன மூளையின் வலப்புறம் இடப்புறம் பற்றிய விளக்கத்தை, பின்வந்த மூளை ஆய்வாளர்கள் அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ளவில்லை. விளக்கம் எப்படியாயினும் பயிற்சி பலன் தருகிறது. தலைகீழாகும்போது ‘இது மூக்கு, இது விரல்’ என்னும் பெயர்கள் உதிர்ந்துபோகின்றன. இதுவும் படத்தைப் பார்த்து வரைவதுதானே என்று என்னை மடக்க நினைப்பவர்க்கு ஒன்று சொல்வேன்: ஓரிரு நாள் ஊன்றுகோலாகக் கொள்ளலாம், அதிலேயே குடியிருத்தல் ஆகாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. அதை மறைத்துச் செல்வது நேர்மையாகாது. ‘ஆசியக் கலைகள் யாவும் முன்னோர் படத்தைப் பார்த்து வரைந்தே வளர்ந்தன. சீன ஓவியர் ஆசானின் தூரிகைத் தடத்தைப் பின்பற்றினார். நம் சிற்பியர் தாள அளவுகளை மனப்பாடம் செய்தனர். பார்த்து வரைதல் மேனாட்டு முறை. அதை நம் பிள்ளைகள்மீது ஏன் சுமத்துகிறீர்கள்?’ என்பர்.

இம்மறுப்புக்கு விடை நம் வாசலிலேயே இருக்கிறது. சிங்கப்பூரின் முன்னோடி ஓவியர்களுள் ஒருவராகிய சென் வென் சி (1906–1991) சீன மரபிலே ஊறியவர். 13ஆம் நூற்றாண்டின் மூ சி என்னும் துறவி வரைந்த கிப்பன் குரங்கு ஓவியத்தின் அச்சுப்படி ஒன்று அவர் கைக்கு வந்தது. அதில் மயங்கிய அவர் அதை மீண்டும் மீண்டும் பயின்றார். ஆனால் உயிருள்ள கிப்பனை அவர் அதுவரை கண்டதில்லை. அச்சுப்படி போதும் என்று அவர் அமைந்துவிடவில்லை. ஒரு கிப்பனை விலைக்கு வாங்கி வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தார்; பின்னர் மேலும் சிலவற்றை வாங்கினார். அவை தாவுவதையும் தொங்குவதையும் ஒடுங்கி அமர்வதையும் நாள்தோறும் பார்த்தார். அதன் பிறகே அவர் தூரிகையில் கிப்பன்கள் உயிர்பெற்றன. 1999இல் வெளியிடப்பட்ட சிங்கப்பூர் ஐம்பது வெள்ளித் தாளின் பின்புறத்தில் அவருடைய கிப்பன்களைக் காணலாம். மரபைக் கற்றவரும் மரபின் எல்லையை உணர்ந்து உயிரிடம் சென்றார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அவரும் லியு காங், சென் சோங் சுவீ, சியோங் சூ பியெங் ஆகிய மூவரும் 1952இல் பாலித்தீவுக்குச் சென்றனர். ஊரையும் மக்களையும் நேரில் கண்டு வரைந்து, 1953இல் கண்காட்சி வைத்தனர். நன்யாங் பாணி என்று கலை வரலாறு பேசுவதில் அப்பயணத்துக்குப் பெரும் பங்குண்டு.

அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், மலாக்காவில் ஆங்கில அதிகாரியாயிருந்த வில்லியம் ஃபர்குவார், இந்நிலப்பகுதியின் செடிகொடிகளையும் விலங்குகளையும் சீன ஓவியர்களைக்கொண்டு வரையச் செய்தார். 477 வண்ணப் படங்கள் இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. வரைந்தவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. மேனாட்டான் பணித்தான் என்பது உண்மை. பார்த்த கண்கள் ஆசியக் கண்கள்.

நம்மவரை நோக்குவோமா? புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை தீட்டப்பட்டிருக்கிறது. மீனும் பறவையும் எருமையும் யானையும் அதில் உள்ளன. மொட்டு, பாதி மலர்ந்தது, முழுதும் மலர்ந்தது எனத் தாமரை பல நிலைகளில் நிற்கிறது. பொய்கைக் கரையில் நெடுநேரம் நின்ற ஒருவன் அல்லாமல் வேறெவன் இதைத் தீட்டியிருக்க முடியும்? அண்மைக் காலத்துக்கு வந்தால் ‘சில்பி’ என்னும் ஓவியர் இருக்கிறார். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், தென்னாட்டுக் கோயில்களில் சிலைகளின் எதிரே அமர்ந்து, கல்லில் விழும் ஒளியையும் நிழலையும் கண்டு கண்டு வரைந்தார். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் தலைப்பில் ஆனந்த விகடனில் அவை பல ஆண்டுகள் வெளிவந்தன. நிழற்படக் கருவி இல்லாத காலமா அது? கருவி இருந்தது, ஆயினும் சில்பியின் கோடு காட்டியதைக் கருவி காட்டவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பால்மரத்தில் சீவும் கோடு எப்படி இருக்கும் என்று தோட்டத்து மாணவரைக் கேட்டுப் பார்த்தால், பலர் கிடைக்கோடாக வரைவர். சிலர் மரத்தைச் சுற்றி வளையம் போடுவர். மரத்தை எதிர்நோக்கி நிற்பவருக்கு அக்கோடு இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் இறங்கும். பாற்குழாய்கள் பட்டைக்குள் நேர்குத்தாக ஓடாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. எதிர்த்திசையில் சாய்த்துச் சீவினால் மிகுதியான குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். இருட்டில் எழுந்து தலைவிளக்கோடு நிரைக்குள் சென்ற பாட்டியின் கை அறிந்த சாய்வு இது. பேரனின் படத்தில் அச்சாய்வு இல்லை. ஒரு கோட்டின் சாய்வில் ஒரு குடும்பத்தின் உழைப்பும் ஒரு மரத்தின் உடற்கூறும் அடங்கியிருப்பதைப் பேரனுக்கு யார் காட்டுவார்?

செம்பருத்தியும் அவ்வாறே. 1960இல் மலாயாவின் தேசிய மலரென அறிவிக்கப்பட்டது. ஐந்து இதழ்கள் ஐந்து தேசியக் கோட்பாடுகளைக் குறிப்பன என்பதைப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அவ்விதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறிச் சுழன்றிருப்பதையும், நடுவிலிருந்து நீண்டெழும் தண்டின் பக்கமெங்கும் மகரந்தப் பைகள் தூவினாற்போல் ஒட்டியிருப்பதையும், நுனியில் ஐந்து சூல்முடிகள் பிரிந்து நிற்பதையும் கண்டவர் எத்தனை பேர்? வேலிக்குச் சென்று ஒரு பூவைப் பறித்துவர இரண்டு நிமிடம் போதும். நாமோ வழிகாட்டிப் படத்தைப் படியெடுத்துக் கொடுக்கிறோம்.

‘இது காட்சிக்கலை ஆசிரியரின் கவலை, தமிழாசிரியராகிய எங்களிடம் ஏன் சொல்கிறீர்?’ என்று கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் இரண்டையும் ஒருவரே கற்பிப்பது ஒருபுறமிருக்க, நோய் ஒன்றே என்பதால் சொல்கிறேன். ‘அதிகாலைக் காட்சி’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டுகிறான், சேவல் கூவுகிறது, குளிர்தென்றல் வீசுகிறது. சேவலே இல்லாத அடுக்குமாடியில் எழுந்து, பள்ளிப் பேருந்தைப் பிடிக்க ஓடிய பிள்ளை எழுதும் கட்டுரை இது! தாளில் இரண்டு மலையை நட்ட அதே கை, ஏட்டிலே பொற்கரங்களை நீட்டுகிறது. குறிஞ்சிச் செடியின் கொம்பு கருநிறமுடையது என்பதைக் குறுந்தொகைப் புலவர் கண்டு சொன்னார். குருகின் மெலிந்த பசிய காலைத் தினையின் தாளுக்கு ஒப்பிட்டார் கபிலர்; நிறம், பருமன் இரண்டையும் ஒருங்கே கண்டவருக்கே அவ்வுவமை வாய்க்கும். அப்பாட்டுகளை வகுப்பில் நடத்திச் சுவைத்துவிட்டு, மாணவரின் கட்டுரையில் பொற்கரங்களுக்கு மதிப்பெண் இடுகிறோம். ஒரு மாதம் கோப்பையும் இலையும் வரைந்த மாணவரிடம் அதே தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். பேருந்தின் சன்னலில் படிந்த பனித்துளியைப் பற்றி ஒரு வரியாவது வரும்.

நேரமில்லை என்பர். முன்னர் யூ.பி.எஸ்.ஆர். தேர்வைக் காட்டினோம், அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. பொருளில்லை என்பர். ஒரு பென்சிலுக்கும் ஒருபுறம் அச்சிட்ட பழைய தாளுக்கும் என்ன செலவு? வண்ணமே வேண்டா, வண்ணம் தீட்டாத கோட்டோவியத்தைப் ‘புனையா ஓவியம்’ என்று பெயரிட்டு மதித்தது நம் பழந்தமிழ். சொல்லப்போனால், அழிப்பானைப் பறித்து வைத்துவிடுவது முதல் வேலை. தவறான கோடு தாளில் இருக்கட்டும். சரியான கோடு அதன் அருகே வரட்டும். எங்கே பிசகியது என்பது அப்போதுதான் தெரியும். நாள் ஒன்றுக்குக் கால்மணி நேரம், ஒரே பொருள், தாளின் மூலையில் தேதி. பதினைந்தாம் நாள் தாளையும் முதல் நாள் தாளையும் அருகருகே வைத்தால் மாணவரே வேறுபாட்டைக் காண்பார். ஜான் ரஸ்கின் 1857இல் தொடக்க நிலையினருக்கு எழுதிய நூலில், ஓர் உருண்டைக் கல்லை எடுத்துவைத்து அதன் ஒளியும் நிழலும் எவ்வாறு படிப்படியாக மாறுகின்றன என்று பார்த்து வரையச் சொன்னார். கல்லுக்குமா இந்நாட்டில் பஞ்சம்?

கைப்பேசி இருக்கும்போது வரைவதெதற்கு என்பது இக்கால இளைஞரின் வினா. 1839இல் நிழற்படக் கலை வெளிப்பட்டபோதே இவ்வினா பிறந்துவிட்டது. செடிகளை அறுதியிட்டு விளக்கும் தாவரவியல் நூல்கள் இன்றும் கையால் வரைந்த படங்களை விடவில்லை. கருவி எல்லாவற்றையும் ஒரே அடியாக அள்ளிக்கொள்கிறது, ஓவியனின் கண்ணோ வேண்டுவதைத் தேர்ந்தெடுக்கிறது. இன்று அதற்கும் மேலே சென்று, சொன்னதை நொடியில் படமாக்கித் தரும் கணினியும் வந்துவிட்டது. ‘பால்மரம் சீவும் பெண்’ என்று கேட்டால் ஒரு படம் தரும். சீவிய கோடு எப்பக்கம் சாய்கிறது, மங்கு கோட்டின் எந்த முனைக்குக் கீழே தொங்குகிறது, அவள் உளியை எப்படிப் பிடிக்கிறாள் என்று சரிபார்க்கப் போகிறவர் யார்? மரத்தைப் பார்த்த கண் ஒன்று வேண்டும். அத்தகைய கண்ணுடையோர் நம்மிடையே ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

என் கவலையின் வேர் இதுதான். 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர்ப் பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயன்கள் போயின, ஆலயங்கள் இடம் மாறின, பள்ளிகள் பெயர்ந்தன. தோட்டத்து வாழ்வை எழுதிய நாவல்களும் சிறுகதைகளும் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் லயன் வீட்டின் அடுப்பங்கரை எப்படி இருந்தது, பிரட்டுக் களத்தில் ஆள்கள் எவ்வாறு வரிசை நின்றார்கள், தண்ணீர்க் குழாயடியில் வாளிகள் எப்படிக் காத்துக்கிடந்தன என்று நம் கையால் வரைந்த கோடுகள் எத்தனை? அத்தோட்டங்களுக்குள்ளேயே பள்ளிகள் இருந்தன. பள்ளிகளில் ஓவியப் பாடமும் இருந்தது. பிள்ளைகள் வாரந்தோறும் வரைந்தார்கள். இரண்டு மலை, ஒரு கதிரவன், ஓர் ஓலைக் குடிசை!

எஞ்சியிருப்பதையாவது வரையலாம். இன்னும் சில தோட்டங்களில் பலகை வீடுகள் நிற்கின்றன. பாட்டி வைத்திருந்த வெற்றிலைப் பெட்டியும் துருப்பிடித்த உளியும் சில வீடுகளில் கிடக்கின்றன. ‘எனக்கே வரையத் தெரியாதே, எப்படிக் கற்பிப்பேன்?’ என்று தயங்கும் ஆசிரியர் தயங்க வேண்டியதில்லை. இப்பாடத்தில் ஆசிரியர் முன்னே நின்று வரைந்து காட்டுவதே கூடாது. அடுத்த காட்சிக்கலைப் பாடவேளைக்கு ஒரு பால் மங்கையோ பீங்கான் காப்பிக் கோப்பையையோ கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, மாணவரோடு மாணவராக அமர்ந்து தாமும் வரையட்டும். ஆசிரியரின் கோப்பைக்கு அடி நேராகிவிட்டால், ‘ஐயா, அங்கே வளைந்திருக்கிறது பாருங்கள்’ என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லட்டும்.